அச்சம் தெளிந்த நாய்கள்

நுழையும்முன்

கடிக்கும் நாயைக் கண்டால் கல்லெடுப்பதும், "அதன் குணமே அப்படி" என்று கூறி ஒதுங்கிப் போவதும் மக்களிடையே காணப்படும் வழக்கம். குணம் என்று நாம் முடிவு கட்டுவதில் பிறப்பின் பங்கு எவ்வளவு? பட்ட துன்பத்தின் பங்கு எவ்வளவு? துன்பத்தால் விளைந்ததைப் பயிற்சியால் மாற்ற இயலுமா? இவ்வினாக்களுக்கு அறிவியலும் ஒரு நீதிமன்ற வழக்கும் அளித்த விடைகளை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கல்லில் நின்ற நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குக் கிடைத்த பல்லவர் கால நடுகல் ஒன்று, மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. ஆநிரை காக்கும் பூசலில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வுருவத்தின் அருகில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிப் போற்றிய பண்பாடு தமிழருடையது. ஞமலி, ஞாளி எனப் பழந்தமிழில் நாய்க்கு வழங்கிய பெயர்களும் அவ்வுறவின் தொன்மையைக் காட்டுகின்றன.

கோவிவன் கடித்தது, ஆதலால் போற்றப்பட்டது. அதே கடியை ஒரு நாய் வழிப்போக்கரிடமோ வீட்டுக் குழந்தையிடமோ காட்டினால், அது கொல்லப்படுவதும் உண்டு. பல் ஒன்றே, கடியும் ஒன்றே. எங்கே கடிக்கலாம், எங்கே கடித்தலாகாது என்பதை நாய் தானாக அறிவதில்லை. தான் வாழும் சூழலிலிருந்தும், தன்னுடன் வாழும் மனிதரிடமிருந்துமே அது கற்றுக்கொள்கிறது. தவறாகக் கற்ற நாய்க்கு மீண்டும் கற்பிக்க முடியுமா என்பதே இங்கு நம்முன் உள்ள வினா.

கடிக்கு முன் வரும் மொழி

"எவ்விதக் காரணமும் இன்றித் திடீரெனக் கடித்துவிட்டது" என்று பலர் கூறக் கேட்கிறோம். உண்மையில், காரணமின்றிக் கடிக்கும் நாய்கள் மிகக் குறைவு. கடிப்பதற்கு முன் நாய் பலமுறை பேசிவிடுகிறது. அம்மொழி நமக்கு விளங்குவதில்லை.

அச்சமுற்ற நாய் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உறக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். உணவு இல்லாதபோதும் உதட்டையும் மூக்கையும் நாவால் நக்கும். காதுகளைப் பின்னே மடித்து, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளும். இவற்றைக் கண்டும் எதிரில் நிற்பவர் விலகாவிட்டால் அதன் உடல் விறைக்கும். கண்ணின் வெண்பகுதி பிறைபோலத் தெரியும். அடுத்து உறுமல் எழும். பின்னர்ப் பற்களைக் காட்டும். காற்றைக் கடிப்பதுபோல் வாயை வெட்டி மூடும். இத்தனை எச்சரிக்கைகளும் பயன்படாத நிலையிலேயே பெரும்பாலும் கடி நிகழ்கிறது.

இங்கு ஓர் உண்மையை மனங்கொள்ளுதல் வேண்டும். உறுமும் நாயை அடித்து அடக்கினால், உறுமல் நிற்கக்கூடும். ஆனால், உறுமலுக்குக் காரணமான அச்சம் நிற்பதில்லை. அடுத்தமுறை அந்நாய் உறுமாமலேயே கடிக்கும். தீப்பற்றியதை அறிவிக்கும் மணியை அறுத்தெறிந்துவிட்டு, நெருப்பு அணைந்துவிட்டதாக எண்ணுவதற்கு ஒப்பானது அச்செயல்.

நாய் மூர்க்கம் காட்டுவதற்குக் காரணங்கள் பல. அறிமுகமற்ற மனிதர், பிற நாய்கள், பேரோசை ஆகியவற்றின் மீது கொண்ட அச்சம் முதன்மையானது. உணவையும் படுக்குமிடத்தையும் பிறர் பறித்துக்கொள்வர் என்னும் ஐயம், ஈன்ற குட்டிகளைக் காக்கும் உணர்வு, ஓயாது கட்டிவைக்கப்படுவதால் விளையும் எரிச்சல் ஆகியனவும் காரணங்களாகும். உடல்நோயும் ஒரு காரணமே. சொத்தைப் பல், காதுப்புண், மூட்டுவலி ஆகியவற்றால் வருந்தும் நாய், தொட வரும் கையைக் கடிக்கலாம். ஆதலால், குணம் மாறிய நாயை முதலில் காண வேண்டியவர் கால்நடை மருத்துவரே. பயிற்சியாளர் அடுத்தே வருகிறார். வலியைப் பயிற்சியால் நீக்க இயலாது.

குட்டிப்பருவம் என்னும் வாயில்

அச்சம் எங்கிருந்து தோன்றுகிறது? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் உள்ள ஆய்வகத்தில், ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் நாய்களின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். அவர்தம் முடிவுகள் 1965ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அங்கு நடைபெற்று, 1961ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று இங்குக் குறிப்பிடத்தக்கது.

அவ்வாய்வில், வேலி சூழ்ந்த திடலில் குட்டிகள் தாயுடன் வளர்க்கப்பட்டன. மனிதரின் தொடர்பு அவற்றுக்கு இல்லை. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், ஐந்தாம் வாரம் என வெவ்வேறு அகவையில் சில குட்டிகள் மட்டும் வெளியே கொணரப்பட்டு, ஒரு வார காலம் மனிதருடன் பழக விடப்பட்டன. சில குட்டிகள் பதினான்காம் வாரம் வரை மனிதரை நெருங்கவே வாய்ப்பளிக்கப்படவில்லை. இறுதியில், உரிய பருவத்தில் மனிதருடன் பழகிய குட்டிகள் எளிதில் இணங்கின. பதினான்கு வாரமும் தனித்து வளர்ந்த குட்டிகளோ மனிதரைக் கண்டு மிரண்டு ஓடின. பின்னர்ப் பழக்க முயன்றபோதும் பிறவற்றைப்போல் இணங்கவில்லை.

ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே, உலகம் எத்தகையது என்பதைக் குட்டி கற்கும் காலம். அப்பருவத்தில் அது காணும் மனிதரும், கேட்கும் ஒலியும், மிதிக்கும் தரையும் அதற்கு இயல்பானவை ஆகின்றன. காணாதவை பின்னாளில் அச்சமூட்டுவன ஆகலாம். அவ்வாயில் மூடிய பிறகு உள்ளே செல்வது கடினம். ஆனால், முற்றிலும் இயலாதது அன்று. பொறுமையுடன் தட்டுவோருக்கு அது சிறிது சிறிதாகத் திறப்பதும் உண்டு.

அச்சத்தை மாற்றும் கல்வி

உருசிய நாட்டு அறிவியலறிஞர் இவான் பாவ்லவ், செரிமானம் குறித்த ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். உணவைக் கண்டதும் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது இயல்பு. ஆனால், உணவுக்கு முன்னர்த் தவறாமல் வரும் ஓர் ஒலியைக் கேட்ட அளவிலேயே அதற்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் ஆராய்ந்து விளக்கினார். தொடர்பற்ற இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வரும்போது மனம் அவற்றை இணைத்துக்கொள்கிறது. காலணியால் பலமுறை உதைபட்ட நாய் காலணியைக் கண்டதும் உறுமுவதற்கும் இதுவே காரணம்.

இணைந்தது இணைந்ததுதானா? அதை மாற்றி இணைக்க முடியாதா? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியலறிஞர். பீட்டர் என்று குறிப்பிடப்படும் சிறுவன் முயலைக் கண்டு அஞ்சினான். அவனுக்குப் பிடித்த உணவை அவன் உண்ணும்போது, முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தனர். நாளடைவில் அச்சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். இவ்வாய்வு 1924ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. குழந்தையின் அச்சத்தைத் தணித்த இம்முறையே இன்று நாய்களின் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் அடிப்படையாக விளங்குகிறது.

கைத்தடி ஏந்தியவரைக் கண்டாலே பாயும் நாய் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதற்குப் பயிற்சி எவ்வாறு தொடங்கும்? முதலில், எவ்வளவு தொலைவில் தடியுடன் ஒருவர் நின்றால் நாய் அவரைக் காண்கிறது, ஆனால் கலங்காமல் இருக்கிறது என்பதைக் கண்டறிவர். அது முப்பது மீட்டராக இருக்கலாம். அறுபது மீட்டராகவும் இருக்கலாம். அத்தொலைவில் அவர் தோன்றியவுடன் பயிற்சியாளர் நாய்க்குச் சுவையான இறைச்சித் துண்டுகளைத் தருவார். அவர் மறைந்தவுடன் இறைச்சியும் நின்றுவிடும். இவ்வரிசை மாறுதல் கூடாது. முதலில் ஆள், பிறகு உணவு. இறைச்சியை முதலில் காட்டினால், இறைச்சியே ஆபத்தின் அறிகுறி என்று நாய் கற்றுக்கொள்ளும்.

பல நாள்கள் இவ்வாறு நிகழ்ந்த பின் ஒரு மாற்றம் தென்படும். தடியுடன் ஒருவர் தோன்றியதும் நாய் பாயாது. உணவு வரும் என்னும் எதிர்பார்ப்புடன் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்க்கும். அத்திருப்பமே பயிற்சியின் முதல் வெற்றி. அதன் பின்னரே தொலைவு ஓரிரண்டு அடி குறைக்கப்படும். நாய் உண்பதை நிறுத்தினாலோ, அதன் உடல் விறைத்தாலோ, மீண்டும் பழைய தொலைவுக்கே செல்வர். விரைந்து முன்னேற முயல்வது, கட்டிய சுவரைத் தானே இடிப்பதற்கு ஒப்பாகும்.

"கடிக்கும் நாய்க்குக் கறி கொடுப்பதா? அது கடியைப் பாராட்டியதாக ஆகாதா?" என்னும் ஐயம் எழுதல் இயல்பே. செயல் வேறு, உணர்ச்சி வேறு. பரிசளித்தால் ஒரு செயல் மிகுதியாகலாம்; ஆனால், உணவு கொடுப்பதால் அச்சம் மிகுவதில்லை. இங்கு மாற்றப்படுவது நாயின் செயல் மட்டும் அன்று. அச்செயலுக்கு வேராகிய உணர்ச்சியே மாற்றப்படுகிறது. வேர் மாறினால் கிளையும் மாறும்.

செயலை மாற்றுவதற்கும் வழி உண்டு. நிறைவளிக்கும் விளைவைத் தரும் செயல் மீண்டும் மீண்டும் செய்யப்படும் என்பதை எட்வர்டு தார்ண்டைக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூனைகளைக் கொண்டு நிறுவினார். அதனைப் பி.எஃப். ஸ்கின்னர் விரித்து வளர்த்தார். உணவுத் தட்டின் அருகே எவரேனும் வந்தால் உறுமும் நாயைக் காண்போம். "தட்டைப் பிடுங்கிப் பழக்க வேண்டும்" என்று சிலர் கூறுவர். பிடுங்கப் பிடுங்க, பிடுங்குவார்கள் என்னும் நாயின் ஐயம் உறுதிப்படும். பயிற்சியாளர் இதற்கு மாறாகச் செய்வார். தட்டிலிருந்து விலகி நின்றபடியே, தட்டில் உள்ளதைவிடச் சுவையான ஒன்றை வீசிவிட்டுச் செல்வார். வரும் மனிதர் பறிப்பவர் அல்லர், தருபவர் என்று நாய் உணரும்போது உறுமலுக்குத் தேவையே இல்லாமற்போகிறது.

இப்பயிற்சிக் காலம் முழுவதும் பாதுகாப்பு இன்றியமையாதது. கடிக்கக்கூடிய நாய்க்குக் கூடை வடிவ வாய்ப்பூட்டு அணிவிப்பர். அதன் வழியாக நாய் மூச்சுவிடலாம், நீர் பருகலாம், உணவுத்துண்டும் பெறலாம். அவ்வாய்ப்பூட்டையும் வலிந்து மாட்டுவதில்லை. அதனுள் உணவை வைத்து, நாய் தானாகவே முகத்தை நுழைக்கும்வரை காத்திருப்பர்.

தெரிந்து தெளிவோம்

*நாய் கடித்தால் செய்ய வேண்டியவை:* கடிபட்ட இடத்தை உடனடியாகச் சோப்பிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பூசுதல் கூடாது. சிறு கீறலாயினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறும் நாள்களில் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது. வெறிநோய் பயிற்சியால் தீர்வதன்று. அது கிருமியால் வருவது. நாய்க்கு முறையாகத் தடுப்பூசி போடுவதே அதனைத் தடுக்கும் வழி. லூயி பாஸ்டர் உருவாக்கிய இந்நோய்த் தடுப்பூசி 1885ஆம் ஆண்டு மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அவர் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

வர்ஜீனியா வழக்கு

வீட்டில் வளர்ந்த ஒரு நாயின் அச்சத்தைப் போக்கலாம். கொல்வதற்கென்றே பழக்கப்பட்ட நாய்களை என் செய்வது? அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு இவ்வினா நீதிமன்றத்தின் முன் வந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் திங்களில், வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி வட்டாரத்தில் உள்ள ஒரு பண்ணை வீட்டைக் காவல்துறையினர் சோதனையிட்டனர். அது மைக்கேல் விக் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரருக்கு உரியது. ஆங்கே பிட் புல் இன நாய்களைச் சண்டைக்கு வளர்த்து, பந்தயம் கட்டி மோதவிட்டமை வெளிப்பட்டது. மண்ணில் புதைக்கப்பட்ட வண்டி அச்சுகளில் கனத்த சங்கிலிகளால் நாய்கள் கட்டப்பட்டிருந்தன. சண்டைக்குத் தகுதியற்றவை எனக் கருதப்பட்ட நாய்கள் கொடிய முறைகளில் கொல்லப்பட்டிருந்தன. விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 23 திங்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மீட்கப்பட்ட நாய்களின் நிலை என்ன? சண்டைக்களத்திலிருந்து கைப்பற்றப்படும் நாய்களை, வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவதே அந்நாளில் பெருவழக்காக இருந்தது. சட்டத்தின் பார்வையில் அவை சான்றுப்பொருள்கள். வெறியூட்டப்பட்ட நாய்கள் என்றும் மாறா என்பது பொதுவான நம்பிக்கை. விலங்குகளின் நலனுக்காகப் பாடுபடும் பெரிய அமைப்புகள் சிலவும்கூட, அவற்றைத் துன்பமின்றிக் கொல்வதே தக்கது எனக் கருத்துரைத்தன.

இம்முறை வேறொரு வழி கையாளப்பட்டது. நாய்களைக் கூட்டமாகக் கருதாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து முடிவெடுக்க ஏற்பாடாயிற்று. செப்டம்பர் திங்களில் விலங்கு நடத்தை வல்லுநர் குழு 49 நாய்களை மதிப்பிட்டது. மனிதர் அருகே சென்றால் அந்நாய் என்ன செய்கிறது? உணவின்மேல் கைவைத்தால் என்ன செய்கிறது? குழந்தை உருவில் அமைந்த பொம்மையைக் கண்டால் எவ்வாறு நடந்துகொள்கிறது? மற்றொரு நாயைக் கண்டால் பாய்கிறதா, பதுங்குகிறதா? இவை ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டன.

சோதித்தோர் எதிர்பார்த்தது மூர்க்கத்தை. ஆனால், அவர்கள் பெரிதும் கண்டது அச்சத்தை. மனிதர் கூண்டை நெருங்கியதும் பல நாய்கள் தரையோடு தரையாகப் படுத்து, அசைவற்றுக் கிடந்தன. பாய்வதற்கு மாறாக, மண்ணுக்குள் புதைந்துவிட முடியுமா என்று தேடுவனபோல் அவை தோன்றின.

மதிப்பீட்டின் முடிவில் நாய்கள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டன. வளர்ப்பு இல்லத்தில் வைத்துக் கண்காணிக்கத் தக்கவை, காவல்துறைப் பணிக்குப் பழக்கத் தக்கவை, காப்பகத்தில் இருந்து பின்னர் இல்லம் செல்ல வாய்ப்புள்ளவை, வாழ்நாள் முழுதும் காப்பகத்தில் இருக்க வேண்டியவை, கருணைக்கொலை செய்யப்பட வேண்டியவை என்பன அவ்வகைகள். மூர்க்கம் தணிக்க இயலாதது என்று கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். மற்றொன்று நோயின் கடுமையால் உயிர் நீக்கப்பட்டது. எஞ்சிய 47 நாய்களும் வாழும் உரிமை பெற்றன. அவற்றின் நலனைக் கவனித்து, உரிய இடங்களில் சேர்ப்பதற்கு ரெபெக்கா ஹஸ் என்னும் சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் பொறுப்பாளராக அமர்த்தியது. நாய்களின் பராமரிப்புக்கென ஏறத்தாழ 9 இலட்சத்து 28 ஆயிரம் டாலர் செலுத்துமாறு விக்குக்கு ஆணையிடப்பட்டது.

செம்மலை நாட்டில் ஒரு புதுவாழ்வு

47 நாய்களுள் 22 நாய்கள், யூட்டா மாநிலத்தின் கனாப் என்னும் ஊரை அடுத்த, செம்பாறைகள் சூழ்ந்த விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 10 நாய்களைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓர் அமைப்பு ஏற்றது. எஞ்சியவற்றை வேறு சில அமைப்புகள் ஏற்றன.

அந்நாய்களுள் பல, வீடு என்பதையே அறியாதவை. படிக்கட்டில் ஏறத் தெரியாது. கழுத்துவார் பிடித்து நடக்கத் தெரியாது. கண்ணாடிக் கதவும் தொலைக்காட்சியும் அவற்றுக்குப் பேரச்சம் தந்தன. ஆதலால், கட்டளைகளைக் கற்பிப்பதற்கு முன் அச்சமின்றி இருப்பதற்குக் கற்பிக்க வேண்டியதாயிற்று. பராமரிப்பாளர் கூண்டின் உள்ளே சென்று, நாயைப் பாராமல், தொடாமல், பேசாமல் அமர்ந்திருப்பார். அதுவே பாடம். நாய் தானாக ஓரடி முன்வந்தால், அன்றைய பாடம் வெற்றி பெற்றது.

கனாப் காப்பகத்தில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்த பயிற்சித் திட்டம் வகுக்கப்பட்டது. அச்சம், தன்னம்பிக்கை, ஊக்கம் முதலியவை தொடர்ந்து மதிப்பிட்டுக் குறித்து வைக்கப்பட்டன. ஒரு நாய்க்கு உதவிய முறை மற்றொன்றுக்கு உதவாமற்போகலாம் என்பதை அக்குறிப்புகள் காட்டின. அங்கிருந்து ஒரு நாய் ஓர் இல்லத்துக்குச் செல்ல வேண்டுமாயின், நற்பழக்கத்துக்கான தேர்வில் அது தேற வேண்டும் என்பது விதி. அறிமுகமற்றவர் தொடும்போது அமைதியாக இருத்தல், கூட்டத்தினூடே நடத்தல், பிற நாயைக் கண்டு கலங்காதிருத்தல் முதலியன அத்தேர்வில் அடங்கும்.

ஜார்ஜியா என்னும் பெண் நாயின் பற்கள் அனைத்தும் பிடுங்கப்பட்டிருந்தன. அந்நாயும் பின்னாளில் ஓர் இல்லத்தின் செல்லப்பிராணியாக வாழ்ந்தது. லியோ என்னும் நாய் பயிற்சி பெற்று, புற்றுநோயாளிகளைக் காணச் சென்று அவர்களுக்கு ஆறுதலளித்தது. ஜானி ஜஸ்டிஸ் எனப் பெயர் பெற்ற நாயின் கதை இன்னும் நெகிழ்ச்சியூட்டுவது. வாசிப்பதில் தயக்கமுடைய குழந்தைகள் அதன் அருகே அமர்ந்து நூலை உரக்கப் படிப்பர். பிழையாகப் படித்தாலும் நாய் நகைப்பதில்லை, திருத்துவதில்லை, அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மனிதரைக் கண்டு நடுங்கியிருந்த ஓர் உயிர், மனிதக் குழந்தைகளின் நடுக்கத்தைப் போக்கும் துணையாயிற்று.

எல்லையும் உண்டு

பயிற்சியால் எல்லா நாய்களும் மாறிவிடும் என்று கூறுதல் உண்மைக்கு மாறானது. மெரில் என்னும் பெண் நாய், பழகியவரிடம் அன்பாகவும் புதியவரிடம் கடுமையாகவும் நடந்துகொண்டது. அது காப்பகத்தை விட்டு எந்நாளும் வெளியே செல்லுதல் கூடாது என்பது நீதிமன்றத்தின் ஆணை. அந்நாயைக் காப்பகம் கைவிடவில்லை. பழகிய பராமரிப்பாளரின் துணையுடன், பாதுகாப்பான சூழலில் அது தன் வாழ்நாளைக் கழித்தது. இல்லம் செல்வது மட்டுமே மறுவாழ்வு அன்று. ஓர் உயிர் தன்னால் இயன்ற அளவு அச்சமின்றி வாழ்வதும், அதனால் பிறர்க்குத் தீங்கு நேராதிருப்பதும் மறுவாழ்வே.

மூர்க்கமான நாயை நோயைப்போல முற்றிலும் குணப்படுத்திவிட்டதாக நேர்மையான பயிற்சியாளர் எவரும் உறுதி கூறார். கடித்த நாய் மீண்டும் கடிக்க வாய்ப்புண்டு என்னும் நினைவுடனேயே அவர் செயல்படுவார். வாய்ப்பூட்டு, உயர்ந்த வேலி, குழந்தைகளிடமிருந்து விலக்கி வைத்தல் ஆகியன பயிற்சி முடிந்த பின்னும் தேவைப்படலாம். கடிபட்ட குழந்தையின் துயரமும் பெற்றோரின் அச்சமும் உண்மையானவை. அவற்றைப் புறந்தள்ளும் விலங்கன்பு முழுமையான அன்பாகாது. மக்களின் பாதுகாப்பும் விலங்கின் வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல; இரண்டையும் காப்பதற்கே முறையான பயிற்சி தேவைப்படுகிறது.

வருமுன் காத்தல்

மறுவாழ்வுப் பயிற்சி நெடுங்காலமும் பெரும்பொறுமையும் வேண்டுவது. ஆதலால், நாயை அச்சமின்றி வளர்த்தலே அறிவுடைமை. குட்டிப்பருவத்தில் பலரோடும் இனிமையாகப் பழகவிடுதல், உரிய காலத்தில் தடுப்பூசி போடுதல், நாள்தோறும் நடக்கவும் ஓடவும் வாய்ப்பளித்தல், அடிக்காது கற்பித்தல் ஆகியன வளர்ப்போரின் கடமைகள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும் அது குற்றம் என்கிறது. வர்ஜீனியாவின் பண்ணையில் நிகழ்ந்தவை இவ்விரண்டுமே.

நாயை வளர்க்காதவர்க்கும் கடமை உண்டு. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளுடன் இருக்கும் தாயையும் நெருங்குதல் கூடாது. அறிமுகமற்ற நாய் எதிர்ப்பட்டால் ஓடுதல் தவறு. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. அதன் கண்களை நேராக நோக்காமல், கைகளை உடலோடு சேர்த்து, அசையாமல் நின்று, மெல்ல விலகுதல் நன்று.

எடுத்தனூர்க் கல்லில் நிற்கும் கோவிவனைப் பிறப்பு மட்டும் அங்கு நிறுத்தவில்லை. உடன் வாழ்ந்த மனிதனுடன் அது கொண்ட பிணைப்பும் நிறுத்தியது. வர்ஜீனியாவில் சங்கிலியில் நடுங்கிய நாய்களைக் கொடியவையாக்க முயன்றவரும் மனிதரே. அவற்றின் அருகில் அமைதியாக அமர்ந்து அச்சம் போக்கியவரும் மனிதரே. இனத்தின் பெயரைக் கொண்டு 49 உயிர்களுக்கும் ஒரே தீர்ப்பு எழுதியிருந்தால், ஜானியின் அருகில் அமர்ந்து படிக்கும் வாய்ப்பு அக்குழந்தைகளுக்குக் கிட்டியிராது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்கியதால்தான் உண்மை புலப்பட்டது. தீர்ப்பு எழுதும் முன் தனித்து நோக்குதல் நாய்களுக்கு மட்டுமே உரிய நீதி அன்று.

கலைச்சொல் விளக்கம்

- பழகு பருவம் – குட்டி தன் சூழலையும் பிற உயிர்களையும் அறிந்து இணங்கும் தொடக்ககாலம்.
- படிப்படியாக அச்சம் நீக்கல் – அச்சம் தருவதைக் கலக்கமூட்டாத அளவில் காட்டி, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல்.
- எதிரிணைப்பு – அச்சம் தந்த ஒன்றை இன்பம் தரும் ஒன்றுடன் இணைத்து உணர்ச்சியை மாற்றுதல்.
- வாய்ப்பூட்டு – கடிக்காதிருக்க நாயின் வாயில் அணிவிக்கப்படும் காப்பு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் தெருவில் உள்ள நாய் ஒன்றைத் தொலைவிலிருந்து ஒரு வாரம் கவனித்து, அதன் காது, வால், உடல் ஆகியவற்றின் அசைவுகள் எவ்வெவ்வேளையில் எவ்வாறு மாறுகின்றன எனப் பட்டியலிடுக.
2. "உறுமும் நாயை அடித்துத் திருத்த வேண்டும்" என்னும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு மறுத்து ஒரு பக்க அளவில் எழுதுக.
3. 'மக்களின் பாதுகாப்பும் விலங்கின் வாழ்வும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.
4. நாய்க்கடிக்கான முதலுதவியை விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்கிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.